வில்லங்கம் இல்லை

“மயிலாடுதுறை அருகே காவிரிக்கரைக் கிராமத்தில், 22 சென்ட் மனையில் அமைந்த விசாலமான மூன்று கட்டு ஓட்டு வீடு விற்பனைக்கு. தேக்குத் தூண்கள், நல்ல நீர்க் கிணறு, தென்னை 11, மா 2. தார்ச்சாலையும் மின்வசதியும் உண்டு. காலியாக உள்ளது. வில்லங்கம் இல்லை. நேரில் அணுகவும்.”

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவொன்றில், தில்லியில் என் அரசுக் குடியிருப்பின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து நான் எழுதிய விளம்பரம் இது. நான் எழுத்தாளன் அல்லன், எழுத்தர். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பு எழுதிக் காலங் கழிப்பவன். பத்துப் பக்க விவகாரத்தைப் பத்து வரிக்குள் அடக்குவதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஆகவே, வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நாளிதழுக்கு ஏற்றபடி எங்கள் பரம்பரை வீட்டை ஆறு வரிக்குள் அடக்கிவிட்டோம் என்று அன்றிரவு சற்றுப் பெருமிதமே கொண்டேன்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மூணு கட்டுன்னா என்னப்பா?” என்று கேட்டாள். விளக்கத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

கட்டு என்பது மாடி அன்று, அடுக்கும் அன்று. தெருவிலிருந்து கொல்லைச் சந்து வரை எங்கள் மனை 300 அடி நீளம். அகலமோ 32 அடிதான். காவிரிப் படுகையின் பழைய தெருக்களில் வீடுகள் பக்கச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கங்களில் சன்னல் வைக்க இயலாது. ஆகவே வெளிச்சமும் காற்றும் வானத்திலிருந்துதான் இறங்கி வரவேண்டும். அதற்காகவே நடுநடுவே முற்றம் விட்டுக் கட்டினார்கள். ஒரு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்தது ஒரு கட்டு. எங்கள் முதற்கட்டில் திண்ணை, ரேழி, கூடம், எட்டுத் தேக்குத் தூண்கள் சூழ்ந்த முற்றம். இரண்டாம் கட்டில் சமையலறை, நெல் கொட்டும் பத்தாயம் இருந்த அறை, கிணற்றடி. மூன்றாம் கட்டில் மாட்டுக் கொட்டில், நெல் அவிக்கும் அடுப்பு, வைக்கோல் போடும் இடம். அதற்கும் அப்பால் தென்னையும் மாவும் நின்ற கொல்லை. வாசலில் நின்று பார்த்தால் கதவுக்கு நேர் கதவாகக் கொல்லை வரைக்கும் பார்வை ஓடும். மதியத்தில் அந்த நேர்கோட்டிலே காற்று நடந்து வருவதை, கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் உடம்பால் அறியலாம்.

“அப்ப ஏன் அத விக்கணும்?” என்று மகள் கேட்டாள். அதற்கு ஆறு வரியில்கூட விடை எழுத எனக்குத் தெரியவில்லை.

காரணங்கள் இல்லாமல் இல்லை. நாட்டு ஓட்டுக் கூரை பனங்கைகளின்மீது நிற்பது. ஆண்டுதோறும் ஐப்பசி அடைமழைக்கு முன்னர் ஓடுகளைப் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி, மீண்டும் அடுக்கவேண்டும். ஓர் ஆண்டு தவறினால் மழை உள்ளே வரும். இரண்டாண்டு தவறினால் கறையான் வரும். ஓடு மாற்றத் தெரிந்த கைகள் எங்கள் ஊரில் குறைந்துபோயின. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் மூன்றாம் கட்டின் ஓடுகள் பறந்தபோது, அவற்றை மீண்டும் போட ஆள் கிடைக்க நாற்பது நாள் ஆயிற்று. பணி ஓய்வு பெற்ற என் தந்தையார் அப்பொழுது அங்கேதான் அம்மாவுடன் குடியிருந்தார். 2019-இல் அம்மா மறைந்தபின் அப்பாவைத் தில்லிக்கு அழைத்துவந்தேன். 2021-ஆம் ஆண்டின் அந்தக் கொடிய மே மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. எனக்கோ மகளின் மேற்படிப்பு, என் ஓய்வுக்குப் பின் தலைசாய்க்க ஓர் அடுக்ககம் என்ற கவலைகள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவனுக்கு வீடு என்பது எப்பொழுதுமே இரவல் பொருள்தான். என் பிள்ளைப் பருவம் சரோஜினி நகர்க் குடியிருப்பில் கழிந்தது. தலைநகரின் ஏழு பழைய அரசுக் குடியிருப்புப் பகுதிகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவ்வேழில் சரோஜினி நகரும் ஒன்று. நான் முதன்முதலாக அ, ஆ எழுதிப் பழகிய சுவர் இன்று இல்லை. என் தங்கை பிறந்தபோது அப்பா நட்ட வேம்பும் இல்லை. அதற்காக யாரிடமும் முறையிட எனக்கு உரிமையும் இல்லை. வாடகைப்படியை விட்டுக்கொடுத்து இருந்த வீடுதானே! ஆனால், சொந்த வீடு என்று சொல்ல மாயூரத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் எங்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது. கோடை விடுமுறையில் சென்னை வரை இரண்டு நாள் பயணம். பின் எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜ் வண்டி. விடியற்காலையில் மாயூரம் சந்திப்பு. மாட்டு வண்டியோ, பிற்காலத்தில் பேருந்தோ ஏறி, பூம்புகார்ச் சாலையில் கிழக்கே ஒன்பது கிலோமீட்டர். திண்ணையில் தாத்தா நிற்பார்.

மாயூரம் என்று எழுதிவிட்டேன். மாயவரம், மாயூரம் என்று வழங்கிய அவ்வூருக்கு 1982-இல் மயிலாடுதுறை என்ற பழம்பெயரே அரசாணையால் மீண்டது. அப்பா 1972-இல் பணியில் சேர்ந்தபோது தம் பணிப்பதிவேட்டில் ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதினார். 2004-இல் அதே கட்டத்தில் நான் நாகப்பட்டினம் மாவட்டம் என்று எழுதினேன். 1991-இல் மாவட்டம் பிரிந்திருந்தது. 2020 முதல் அது மயிலாடுதுறை மாவட்டம். இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகராமல் எங்கள் வீடு மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது. நகர்ந்தவர்கள் நாங்கள்தாம்.

இந்த வீட்டைத் தாத்தா கட்டவில்லை, வாங்கினார். 1958-இல், பம்பாய்க்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து, அரிசி ஆலையில் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் வாங்கினார். என் ஏழாம் வயதில், அந்தப் பழைய குடும்பத்துப் பேரன் ஒருவர் மனைவி மக்களோடு திடீரென்று வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறது. “சும்மா பாத்துட்டுப் போகலாம்னு…” என்று தயங்கினார். தாத்தா அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். அப்பாயி இலை போட்டுச் சோறு பரிமாறினார். அவர் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதை நான் விளையாட்டாக நினைத்துப் பின்னாலேயே தொட்டுக்கொண்டு போனேன். அவர் சென்றபின் தாத்தா சொன்னது இவ்வளவுதான்: “வித்தவங்களுக்கும் வீடு கொஞ்சம் சொந்தம்தான்டா.”

தாத்தா 1993-இல் உயில் எழுதாமல் காலமானார். அவருடைய சுய சம்பாத்தியமாகிய வீட்டிலும் ஆறு மா நிலத்திலும், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாயிக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் சம பங்கு. சட்டம் அப்படிச் சொல்லிற்றே தவிர, எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 1996 கோடையில், அப்பாயியும் அத்தையும் தங்கள் பங்குகளை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். வீடு அப்பாவுக்கும் நிலம் சித்தப்பாவுக்கும் ஆயின. எனக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. பதிவு அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். திரும்பி வந்த அத்தை, கிணற்றடியில் பெருவிரல் மையைத் தேங்காய் நாரால் நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பட்டுப் புடவையும் ஐயாயிரம் ரூபாயும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்: “வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு நான் வருவேன். இந்த நடு அறையில ரெண்டு நாள் இருந்துட்டுப் போவேன். அதுக்கு மட்டும் யாரும் வேணாம்னு சொல்லக்கூடாது.” எல்லோரும் சிரித்தார்கள். “இத வேற கேக்கணுமா?” என்றார் அப்பா. ஆகவே அது பத்திரத்தில் ஏறவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

விளம்பரம் எழுதிய அந்த வாரத்தில் தாள்களைத் திரட்டத் தொடங்கினேன். வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்று வேண்டும். மனை கிராம நத்தம்; அதன் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது; அதை மாற்றவேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் தில்லியில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துவிட்டேன். விடுதலையும் பாகப்பிரிவினையும் தவிர வேறு பதிவில்லை, அடமானம் இல்லை, வழக்குப் பற்று இல்லை. மனம் குளிர்ந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் 1996-ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரத்தின் நகல் அகப்பட்டது. அழகான வாசகம்: அன்பினாலும் பிரியத்தினாலும், எவருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக என்று தொடங்குவது. அதை முன்னே வைத்துக்கொண்டு, அத்தையின் பெயர் இருந்த இடத்தில் என் தங்கையின் பெயரையும், அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரையும் போட்டு ஒரு வரைவு தட்டச்சு செய்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. மும்பையில் இருக்கும் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, “ஒரு கையெழுத்துதான்மா, வேற ஒண்ணும் இல்ல” என்றேன். அவளும், “சரிண்ணா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வீட்டப் பாத்துட்டு வந்துடலாமா?” என்றாள்.

சட்டத்தைப் பற்றி அறியாதவன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. பெண்மக்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே செய்தது. நாடு முழுமைக்கும் அது 2005-இல் வந்தது. இவற்றைப் பற்றி நம் சங்கத்து மேடையில் பேச்சாளர்கள் பேசியபோது முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவன் நான். அப்பாவின் சொத்தில் தங்கைக்கு நேர்பாதி உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த வரைவைத் தயாரித்தேன்.

2024 பொங்கலை ஒட்டி ஊருக்குப் போனோம். தங்கையும் வந்தாள்; செய்தி கேட்டு, திருவாரூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கும் அத்தையும் வந்தார். எழுபதைக் கடந்தவர், முழங்கால் வலி. விளம்பரத்தைக் கண்டு வந்தவர்களில் முதல்வர் ஒரு பழைய மர வியாபாரி. அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் பார்த்தார். தூண்களை விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்டார். நிலைக்கதவின் கனத்தைச் சாண் போட்டு அளந்தார். உத்திரங்களை எண்ணினார். எண்ணி முடித்து, நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகத் தொகை சொன்னார். “பத்து நாள்ல எறக்கிட்டுத் தரையச் சுத்தம் பண்ணிக் குடுத்துடுவேன். மனைய நீங்க தனியா வித்துக்கலாம்” என்றார். தூணும் கதவும் ஊர் ஊராகப் போய் உணவு விடுதிகளின் முகப்பில் நிற்கும் காலம் இது. அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. விலையே நியாயமானது. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

இரண்டாவதாக வந்தவர்கள் ஓர் ஆசிரியத் தம்பதியர். அரசுப் பள்ளியில் இருவருக்கும் வேலை. மயிலாடுதுறையில் வாடகை வீடு. அந்த அம்மையார் கிணற்று நீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார். கணவர், மழை பெய்தால் முற்றத்து நீர் எப்பக்கம் ஓடும் என்று கேட்டார். குடியிருக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அவை. ஆனால் அவர்களால் தரமுடிந்தது, மரமும் மனையும் தனித்தனியே போனால் கிடைப்பதைவிட நான்கு இலட்சம் குறைவு.

அன்றிரவு கூடத்தில் படுத்திருந்தோம். தங்கை அத்தையிடம், “நாளைக்கு நான் கையெழுத்துப் போடணுமாம் அத்தை. நீங்க போட்ட மாதிரி” என்றாள். குறை சொல்லும் குரலன்று. ஏதோ புது வளையலைக் காட்டுவது போல இயல்பாகத்தான் சொன்னாள். அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முகட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“போடும்மா. போட்டா ஒண்ணும் ஆயிடாது. உங்கப்பா என்னை ஒரு நாளும் கொறவா நடத்தல. நான்தான் மாறிட்டேன். அதுக்கு முன்னாடி எல்லாம் வந்ததும் நேரா சமையக்கட்டுக்குப் போயி மோர எடுத்துக் குடிப்பேன். கையெழுத்துப் போட்டப்பறம், கூடத்துல ஒக்காந்து யாராச்சும் குடுப்பாங்களான்னு பாத்துக்கிட்டு இருப்பேன். செருப்ப எங்க விடறதுன்னுகூட யோசிப்பேன். பொறந்த வீட்டுலதான்.”

என் பை தலைமாட்டில் இருந்தது. அதற்குள் அந்த வரைவு. எழுத்துப் பிழை இல்லாத வரைவு. விடியும்வரை எனக்கு உறக்கம் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒருவர் தம் பிறந்த வீட்டு வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று தயங்கி நின்றதை எந்த வில்லங்கச் சான்று காட்டும்?

மறுநாள் காலை தங்கையிடம், “பத்திரம் வேண்டாம்மா. பாதி உன்னுது. விக்கிறதும் வேண்டாங்கிறதும் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றதுதான்” என்றேன். அவள் என்னைப் புகழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. தனக்கு உரியதைப் பெறுகிறவர் நன்றி சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. அவள் உடனே கேட்ட கேள்வி வேறு: “அப்ப கொல்லையில இருக்கறவங்க எங்க போவாங்க?”

விளம்பரத்தில் ‘காலியாக உள்ளது’ என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது பொய். மூன்றாம் கட்டை ஒட்டிய சாய்ப்பில் ஓர் அம்மாள் பல ஆண்டுகளாக இருந்துவந்தார். அவருடைய கணவர் தாத்தா காலத்தில் எங்கள் மாட்டுவண்டி ஓட்டியவர். பூட்டிக் கிடந்த நாளெல்லாம் வாசல் பெருக்கி, அந்தியில் விளக்கேற்றி, மழைக்காலத்தில் ஒழுகும் இடங்களில் அண்டா வைத்து வீட்டைக் காத்தவர் அவர்தாம். நாங்கள் மாதந்தோறும் அனுப்பிய தொகையைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருக்கு வாடகைச் சீட்டு இல்லை. உரிமைத் தாள் இல்லை. ஆகவே என் கணக்கில் அவர் இல்லை. தங்கை அவரையே நேரில் கேட்டாள். “நீங்க வித்துட்டுப் போற எடத்துல எனக்கு என்ன தாயி பேச்சு?” என்றார் அவர். அன்று மாலை நாங்கள் இருவரும் நாடா பிடித்துக் கொல்லைச் சந்துப் பக்கம் மூன்று சென்ட் அளந்தோம். சந்திலிருந்து அவருக்குத் தனி வழி வரும்படி முளை அடித்தோம். விளம்பரத்தில் 22 சென்ட் 19 ஆயிற்று. ‘காலியாக உள்ளது’ என்பதை அடித்துவிட்டேன்.

இருவரில் யாருக்கு விற்பது என்பதில் எனக்கு ஊசலாட்டம் இருந்தது, மறைக்கவில்லை. நான்கு இலட்சம் என்பது என் போன்றோர்க்குச் சிறு தொகை அன்று. தங்கைக்கும் வீட்டுக்கடன் உண்டு. ஆனால் அவள் சட்டென்று சொன்னாள்: “வாத்தியார் வீட்டுக்கே குடுத்துடலாம்ணா. என் பங்குல ரெண்டு லட்சம் கொறஞ்சா கொறையட்டும்.” நான் தயாரித்த பத்திரத்தில் அவள் கையெழுத்திட்டிருந்தால், முடிவு என் ஒருவனுடையதாக இருந்திருக்கும், நான் எதைத் தேர்ந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தூண்கள் இன்று நிற்கும் இடத்திலேயே நிற்பதற்குக் காரணம், அவளிடமிருந்து நான் பறிக்க நினைத்த அந்தப் பாதியே.

பட்டா மாற்றமும் மற்றவையும் முடிய ஓராண்டு ஆயிற்று. அந்த 2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாமல் ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. வாங்குகிறவர்கள் பின்வாங்கிவிடுவார்களோ என்று நான் அஞ்சினேன். “ஆறு வர்றப்ப வரும் சார். நாங்க இங்கயேதான இருக்கப்போறோம்” என்றார் ஆசிரியர். 2025 தை மாதத்தில் பத்திரம் பதிவாயிற்று. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது. அந்தச் சுமையையும் தாங்கித்தான் அவர்கள் வாங்கினார்கள். முன்போல மைத் தட்டு மட்டும் இல்லை. கணினியின் முன் முகத்தைக் காட்டி, கருவியில் விரல் வைக்கவேண்டும். தங்கை முதலில் வைத்தாள், பின்னர் நான்.

பணம் வந்ததும் நானும் தங்கையும் எங்கள் பங்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அத்தையிடம் கொண்டுபோனோம். சட்டப்படி அவருக்கு எதுவும் வராது, 1996-லேயே விட்டுக்கொடுத்துவிட்டார். பழக்கத்தால் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினேன். அத்தை கை நீட்டவில்லை. “இது சீரா தம்பி, பங்கா?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, உறையை மட்டும் கையில் எடுத்து, “பங்கு அத்தை” என்றேன். வாங்கிக்கொண்டார்.

ஆடிப்பெருக்கைப் பற்றி ஆசிரியத் தம்பதியரிடம் முன்னரே சொல்லியிருந்தோம். பத்திரத்தில் எழுதச் சொல்லவில்லை, எழுதக்கூடியதும் அன்று. 2025-இல் ஜூன் 12-ஆம் நாளிலேயே மேட்டூர் திறந்தது. ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு. அத்தை தம் மகனோடு அங்கே போனார். காவிரிப் படித்துறையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்து, சித்திரான்னம் உண்டு, நடு அறையில் இரண்டு நாள் தங்கினார். இரவு எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுப்பா. நான் போனதும் சமையக்கட்டக் காட்டி, மோர் அங்க இருக்கு அம்மா, எடுத்துக்குங்கன்னுடுச்சு.”

மயிலாடுதுறையில் ஐப்பசி மாதம் முழுதும் துலா முழுக்கு. மாதக் கடைசி நாளில் கடைமுகம். அதற்கும் வந்துசேர முடியாமல் பிந்திவிட்ட ஒரு முடவனுக்காக, கார்த்திகை முதல் நாளும் முழுக்கு உண்டு என்பது அவ்வூர் ஐதிகம். முடவன் முழுக்கு என்றே அதற்குப் பெயர். பிந்தி வந்தவனையும் அந்த ஆறு தள்ளிவிடுவதில்லை. என் குடும்பத்துக் கணக்கைத் தீர்ப்பதில் நான் அந்த முடவனைவிடப் பிந்தியவன்.

இன்னும் ஒரு தாள் மிச்சம் இருக்கிறது. விடுமுறைப் பயணச் சலுகைக்காக ஒவ்வோர் அரசு ஊழியனும் சொந்த ஊர் இன்னதென்று அறிவிக்கவேண்டும். தக்க காரணம் இருந்தால், பணிக்காலம் முழுமைக்கும் ஒரே ஒரு முறை அதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றம் கேட்டு வரும் மனுக்களைப் பார்வையிடுவது என் மேசையின் வேலைகளுள் ஒன்று. நான்கு கேள்விகள் உண்டு: குடும்பக் கடமைகளுக்காகவும் சமூகக் கடமைகளுக்காகவும் அவ்வப்போது நேரில் போகவேண்டிய ஊரா? அங்கே குடியிருப்புச் சொத்து உண்டா? நெருங்கிய உறவினர் வசிக்கின்றனரா? பணியில் சேருமுன் அங்கே சில ஆண்டு வாழ்ந்ததுண்டா? என் ஊரைப் பொறுத்தவரை பின்னைய மூன்றுக்கும் இப்பொழுது விடை ‘இல்லை’ என்பதே. முதல் கேள்விக்கு மட்டும் ‘ஆம்’ என்று எழுதலாம். மூன்று சென்ட் நிலத்தில் அந்த அம்மாள் எழுப்பும் சுவருக்குக் கூரை போடும் நாளில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆடிக்கு அத்தையை நானே அழைத்துப் போகவேண்டும். ஆகவே என் பணிப்பதிவேட்டின் அந்தக் கட்டத்தை மாற்ற மனுச் செய்யவில்லை.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர் பலருக்கும், ஏதோ ஓர் ஆற்றங்கரையில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று இருக்கும். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் விற்றவன். விளம்பரத்தில் ‘வில்லங்கம் இல்லை’ என்று எழுதுமுன் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய், அங்கே பிறந்த பெண்களையும் அங்கே விளக்கேற்றியவர்களையும் ஒருங்கே உட்காரவைத்து, ஓர் இரவு பேசிவிட்டு வாருங்கள். எனக்கு அந்த இரவு பிந்தித்தான் வாய்த்தது, ஆயினும் வாய்த்தது.